ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கான தேவைப்பட்டியல்

பயன்படுத்தப் போகிறவர் எழுத்து மூலம் தேவைப்பட்டியல் தராமல் எந்தப் பொருளையும் வாங்கக் கூடாது. அவர் தந்த தேவையை வாங்குகிறவர் தம் விருப்பத்துக்குக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கொள்முதல் நடைமுறையில் இதுதான் முதல் விதி. முப்பத்து நான்கு வருடம் இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். விழுப்புரத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற அன்று பிரிவு உபசாரத்தில் பேசியவர்களில் மூன்று பேர் இந்த விதியை வைத்துத்தான் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்கள். என் வீட்டுக் கணினிக்கு ஒரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கியபோது மட்டும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதன் விளைவாக என் கணவர் ஒன்பது மாதம் திண்டிவனத்தில் இருந்தார். திரும்பி வருவாரா, மாட்டாரா என்பது ஒன்றுதான் அந்த ஒன்பது மாதமும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எஸ்.எம்.பி.எஸ். என்பது கணினிக்குள் மின்விசிறியோடு இருக்கும் ஓர் இரும்புப் பெட்டி. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்கள் தாங்கும் அளவுக்கு மாற்றிப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என் கணவர் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு, பத்தாம் வகுப்புக் கணக்கை முன்னறையில் கரும்பலகை வைத்து நடத்தி, வீடியோ எடுத்து, கணினியில் வெட்டி ஒட்டினார். முதலில் இயற்கணிதம். அதை இணையத்தில் ஏற்றினார். நாற்பது பேர் பார்த்தார்கள். "என் கிளாஸ்லயும் நாப்பது பேர்தான்" என்றார். அடுத்து வடிவியலும் முக்கோணவியலும். அதை மட்டும், முழுவதும் முடித்த பிறகுதான் ஏற்றுவேன் என்று வைத்திருந்தார். பாதிப் பாடத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாதாம். இரண்டு வருடம் ஓடியது.

இடையில் கணினி தானாக அணைய ஆரம்பித்தது. எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும் என்றார்கள். வாங்குவது எப்போதும் என் இலாகா. கிளம்பும்போது அவர் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

"கொஞ்சம் பெருசா வாங்கிடு. பின்னாடி கிராபிக்ஸ் கார்டு போட்டா தாங்கணும்."

"பின்னாடின்னா எப்ப?"

"எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னு என் ஃபார்முல ஒரு கலம் கெடையாதுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, வீட்டுக்கு வந்து ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். எல்லாப் பெட்டியிலும் நானூற்று ஐம்பது வாட் என்று ஒரே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வாட் சமம் என்றால் குறைந்த விலைக்குத்தான் ஆணை போக வேண்டும். என் கை அப்படியே பழகியது. பட்டியலின் கீழே 'பயன்படுத்துபவர் ஏற்பு' என்று ஒரு கோடு போட்டு அவர் கையெழுத்தையும் வாங்கினேன். "சூப்ரெண்டு கேட்டா போடாம இருக்க முடியுமா" என்று சொல்லிக்கொண்டே போட்டார். எல்லா நடைமுறையும் சரியாக இருந்தது, முதல் விதியைத் தவிர.

பதினான்கு மாதம் தாங்கியது. ஏப்ரலில் ஒரு மத்தியானம் கரண்ட் போய், வந்து, மறுபடியும் போய் வந்தது. டப்பாவுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு கருகிய நாற்றம். போகும்போது அந்தப் பெட்டி மதர்போர்டையும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளையும் சேர்த்துக்கொண்டு போனது. எல்லாப் பாடமும் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு இடமும் ஒரே கணினிக்குள் இருந்தன.

அவர் பிளக்கைப் பிடுங்கினார். கணினி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். கரும்பலகையில் இருந்த முக்கோணத்தை ஈரத்துணியால் துடைத்தார். "விடு" என்றார். அவ்வளவுதான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கும் என் கொழுந்தனார் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "பத்து நாள்ல வந்துடறேன்" என்று இரண்டு சட்டையோடு இவர் போனார்.

ஜூலையில் கொழுந்தனார் கட்டைப் பிரித்தார்கள். ஆகஸ்டில் அவரே வண்டி ஓட்டிக்கொண்டு கிளியனூர் வரை போய் வருவதாகக் கேள்விப்பட்டேன். இவர் வரவில்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் வரும்.

"சாப்ட்டியா?"

"ம்."

"அங்க மழ இருக்கா?"

"இல்ல."

"சரி, வச்சிடறேன்."

கோபமோ அழுகையோ வந்திருந்தால் அதற்குரிய நடவடிக்கையை எடுத்திருப்பேன். எதுவும் வரவில்லை. ஒன்றரை டம்ளர் அரிசிக்குப் பதில் முக்கால் டம்ளர் போட்டேன். பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன், அரை மணி கழித்து என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது. முன்னறையைப் பெருக்கும்போது துண்டு போட்ட கணினியைச் சுற்றிப் பெருக்கினேன். நகர்த்தவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் கிள்ளுவது விரலுக்குத்தான் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படி இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள், எந்தத் தீர்மானமும் செய்யாமலே, பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் கணினிக் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் ஒரு காலத்தில் டிவி மெக்கானிக். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"மூணு கொட்டேஷன் மேடம்தானே நீங்க? எங்கிட்ட வாங்கிக்கினு போனீங்க, அப்பறம் வரவே இல்ல."

"உங்க விலை அதிகம்."

"வாங்கனது இன்னா ஆச்சி?"

சொன்னேன். அவர் சந்தோஷப்படாமல் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஸ்டிக்கர்ல இருக்கற வாட்ஸ நம்பாதீங்க மேடம். அது ஸ்டிக்கர் அடிக்கறவனோட ஆச. பன்னண்டு வோல்ட் லைன்ல எத்தினி ஆம்பியர்னு ஓரமா பொடி எழுத்துல போட்டிருப்பான். அதப் பாருங்க. பிராசசரும் கார்டும் அதுலதான் சாப்புடுது." ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இன்னொண்ணு. போர்டு மாறும், பிராசசர் மாறும், இது மட்டும் நல்லதா வாங்கிட்டா அப்டியே நிக்கும். அதனால இன்னிக்கு இருக்கறதுக்கு வாங்கக்கூடாது. நாளைக்கு இன்னா போடப்போறீங்களோ அதுக்கு வாங்கணும். அதுக்குன்னு ஆயிரம் வாட்ஸ் வாங்கி வெறும் வீடியோ எடிட்டிங் பண்ணிக்கினு இருந்தாலும் வேஸ்ட்டு."

"எவ்வளவு வாங்கலாம்?"

"சார் பின்னாடி இன்னா கார்டு போடுவாரு? அத சொல்லுங்க. ஐநூத்தம்பதா, அறுநூத்தம்பதா, எழுநூத்தம்பதான்னு நான் சொல்லிடறேன்."

"தெரியாது."

"போன் போட்டுக் குடுங்க, நானே கேக்கறேன்."

"வேண்டாம்."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னா மேடம், சண்டையா?"

"இல்லை."

"சண்டையே இல்லையா? அப்ப ரொம்ப பேஜாருதான்."

வீட்டுக்கு வரும் வழியில்தான் முதல் விதி நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலமே ஒரு தேவைப்பட்டியல் தயாரித்தேன். ஐந்து கலம். ஒன்று, பயன்பாடு. இரண்டு, தற்போதைய மின்தேவை. மூன்று, அடுத்த ஐந்து வருடத்தில் சேர்க்கப்படக் கூடியவை. நான்கு, எப்போது தேவை. ஐந்து, நிறுவப்படும் இடம். இதில் 'விழுப்புரம் / திண்டிவனம், தேவையற்றதை அடித்துவிடவும்' என்று போட்டேன். நான்கு கலம் கடைக்காரருக்கு வேண்டியது. ஐந்தாவது எனக்கு. இணைப்பாக, பழைய கணினியின் ஒவ்வொரு பாகமும் எத்தனை வாட் எடுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டியிருந்தேன். வழிகாட்டுதலுக்கு.

போனில் கேட்டிருக்கலாமே என்று யாரும் நினைக்கலாம். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். "பாக்கலாம்" என்பார். 'பாக்கலாம்' என்ற பதிலை வைத்து ஒரு கோப்பை மேலே அனுப்பவும் முடியாது, முடித்துக் கட்டவும் முடியாது. அதைவிட ஒரு வார்த்தையும் வராமல் இருப்பது மேல்.

தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் போஸ்ட் என்று கேட்டேன். "அத எடுத்துட்டாங்கம்மா. இப்ப ஸ்பீட் போஸ்ட்தான்" என்றார் கவுண்டரில் இருந்த அம்மாள். முகவரியைப் பார்த்து, "திண்டிவனம்தானே, பஸ் ஏறினா ஒரு மணி நேரம்" என்று வேறு சொன்னார். தெரியும் என்றேன்.

மூன்றாம் நாள் கடிதம் சேர்ந்ததாகத் தபால் துறையின் குறுஞ்செய்தி வந்தது. அன்று ஆறரைக்கு அவரிடமிருந்து அழைப்பும் வந்தது. சாப்ட்டியா, மழை இருக்கா, சரி. கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பதினைந்து நாள் கால அவகாசம் கொடுப்பது வழக்கம். கொடுத்தேன். பிறகு நினைவூட்டு ஒன்று. இன்னொரு பதினைந்து நாள், நினைவூட்டு இரண்டு. அதற்கும் பதில் இல்லாவிட்டால் நேர்முகக் கடிதம் எழுத வேண்டும். அலுவலகக் கடிதத்துக்கும் நேர்முகக் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம், இதில் ஆளைப் பார்த்து 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும். கலெக்டர்களுக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வார்த்தையைத் தாண்டவில்லை. அந்தத் தாளை மடித்து அகராதிக்குள் வைத்தேன்.

மிச்சமிருந்தது நேரடி ஆய்வு ஒன்றுதான். பொங்கல் கழித்து ஒரு புதன்கிழமை பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஊருக்குத் திரும்புகிற கார்கள் நின்றிருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போனேன், பார்த்தது ஒன்றும் ஞாபகம் இல்லை.

கொழுந்தனார் வீட்டு வாசலிலேயே ஓரகத்தி சிரித்தாள்.

"வாங்கக்கா. இன்ஸ்பெக்ஷனா?"

"அவர் இல்லையா?"

"மாமா மண்டில கீறாரு. நீங்க உக்காருங்க மொதல்ல." தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். "ஏங்க்கா, அந்த லெட்டருல இன்னாதான் எழுதியிருக்கீங்க? மூணையும் டிவி ஸ்டாண்டுல வச்சிருக்காரு. தூசி தட்டக்கூட யாரையும் தொட உடறதில்ல. காத்தால காப்பி குடிச்சிக்கினே எடுப்பாரு, பென்சில்ல ஏதோ எழுதுவாரு, ரப்பர் போட்டு அழிப்பாரு, திரும்ப வச்சிடுவாரு."

"எந்தக் கலத்துல எழுதறாரு?"

"கலமோ கெலமோ எனக்கு இன்னாக்கா தெரியும்? தாளு கிழியப்போவுதுன்னு மட்டும் தெரியும்."

டிவி ஸ்டாண்டு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிறர் நிரப்பிக்கொண்டிருக்கும் படிவத்தை எட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை. எழுந்து மண்டிக்குப் போனேன்.

புது மல்லாட்டை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மண் வாசனையும் சாக்கு வாசனையும் தும்மலை வரவழைத்தன. அவர் எடை மிஷின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிற அதே குரல். இளைத்திருந்தார். மூட்டையை இறக்கிய ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, அம்மா வந்துகீறாங்க. எடைய மாத்தி கீத்தி சொல்லிடாத" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"வந்துட்டியா?" என்றார் அவர். "சாப்ட்டியா?"

"லெட்டர் வந்துதா?"

"வந்துது."

"பதில்?"

நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். "ரெண்டாவது கலத்துலயே மாட்டிக்கிட்டேன். தற்போதைய மின்தேவை. இப்ப ஏது? கம்ப்யூட்டரே இல்ல."

"பூஜ்யம்னு போடுங்க."

"மூணாவது. அஞ்சு வருஷத்துல இன்னா சேரும்னு. எனக்கு அறுபத்தி நாலு." கையிலிருந்த மல்லாட்டையை உடைத்தார், தின்னவில்லை. "மறுபடியும் முதல் தேற்றத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். நாப்பத்தோரு பாடம். தெரியாததப் புதுசா கண்டுபிடிக்கற மாதிரி முகத்த வச்சிக்கினு சொன்னாத்தான் பிள்ளைங்க கேக்கும். எனக்கு அந்த முகம் திரும்ப வருமான்னு தெரியலம்மா. வந்தா அங்க வரலாம். வரலைன்னா அந்தக் கரும்பலகைக்கு எதிர்ல உக்காந்துகினு நான் இன்னா பண்றது?"

"நான் குறைச்சு வாங்கினது தப்பு. விதிப்படி நீங்க கேட்டதத்தான் வாங்கியிருக்கணும்."

"நான் கையெழுத்து போட்டேன்ல." மல்லாட்டை ஓட்டைக் கீழே போட்டார். "ரெண்டு காப்பியையும் ஒரே பெட்டிக்குள்ள வச்சது யாரு? கணக்கு வாத்தியாரு. நீ ஏதாவது சொல்லுவ, திட்டுவன்னு பன்னண்டு நாள் பாத்தேன். நீ ஒண்ணுமே சொல்லல."

"சொல்ல ஒண்ணும் இல்லை."

"அதான்" என்றார்.

இத்தனை மாதமாக அவர் என் மேல் கோபமாக இருக்கிறார் என்றுதான் வைத்திருந்தேன். அவரோ நான் அவர் மேல் கோபமாக இருப்பதாக வைத்திருந்தார். இரண்டு அலுவலகங்கள் ஒரே கோப்பை, மற்றதிடம் இருக்கிறது என்று நினைத்துக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கோப்புகள் எப்படி முடிகின்றன என்பதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முடிவதில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தார். அவித்த மல்லாட்டை ஒரு பை வாங்கிக் கொடுத்தார். "பதில் அனுப்பறேன்" என்றார். எப்போது என்றேன். "அனுப்பறேன்" என்றார் மறுபடியும். பஸ் கிளம்பியது.

பிப்ரவரி முதல் வாரத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். "மேடம், நல்ல கம்பெனி அறுநூத்தம்பது ஒண்ணே ஒண்ணு நிக்குது. கோலியனூர்காரர் ஒருத்தர் கேட்டுக்கினு கீறாரு. ஜல்தியா சொல்லுங்க, எடுத்து வச்சிடவா?"

"தேவைப்பட்டியல் இன்னும் வரலை."

"நீங்களே ஒரு முடிவு பண்ணிடுங்க மேடம். சாரு இன்னா சொல்லப்போறாரு?"

"ஒரு தடவை நானே பண்ணினேன்" என்றேன். அந்தப் பெட்டி கோலியனூருக்குப் போயிற்று. எனக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

பிறகு ஒரு நாள் பதினொரு மணி சுமாருக்குத் தபால்காரர் கேட்டைத் தட்டினார். பழுப்பு உறை, ஸ்பீட் போஸ்ட். நின்ற இடத்திலேயே பிரித்தேன். நான் அனுப்பிய அதே படிவம். பென்சிலால் எழுதி அழித்து எழுதி அழித்துத் தாள் சில இடங்களில் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. அதன் மேல் நீல மையில் எழுதியிருந்தார்.

முதலில் கண்ணில் பட்டது இணைப்பு. பழைய கணினியின் வாட்டுகளைக் கூட்டியதில் பத்து குறைத்துப் போட்டிருக்கிறேன். என் விடையைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் சரியான விடையை எழுதி, கீழே 'கூட்டல் கவனம்' என்று குறிப்பு. முப்பத்து நான்கு வருடத்தில் என் கூட்டலில் யாரும் சிவப்பு மை வைத்ததில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

பயன்பாடு: பாடம் எடுக்க. தற்போதைய மின்தேவை: பூஜ்யம். அடுத்த ஐந்து வருடத்தில் சேர்க்கப்படக் கூடியவை: 'தெரியாது. இடம் விட்டு வாங்கவும்.' எப்போது தேவை: மாசி பிறந்ததும். ஐந்தாவது கலத்தில் 'திண்டிவனம்' என்ற சொல் அளவுகோல் வைத்து நேராக அடிக்கப்பட்டிருந்தது. கீழே கையெழுத்து, முழுப் பெயரோடு.

ஏதாவது தோன்றும் என்று கொஞ்ச நேரம் கேட்டருகிலேயே நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கால் சுட்டது, அது தெரிந்தது. உள்ளே போய்க் கடைக்காரருக்குப் போன் செய்து, அறுநூற்று ஐம்பது இன்னொன்று வரவழைக்கச் சொன்னேன். ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பிறகு மேசைக்கு வந்து, உள்ளே வரும் எந்தக் கடிதத்துக்கும் செய்வதுபோல, படிவத்தின் இடது மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதியைப் போட்டேன்: பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை.